அவர் சொன்னதும் நான் எழுதியதும்

என் தாய் கலியாணம் முடித்து வந்தபோது நகையோடும் காணியோடும் ஒரு சிறுமியையும் சீதனமாகக் கொடுத்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத்திட்டத்துக்கு வந்தபோது அவரையும் கூட்டி வந்தோம். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், எனக்குப் பத்தொன்பது. நான் அவரை 'நீ' என்பேன். அவர் என்னை 'நீங்கள்' என்பார்.

இரண்டாம் வருடம், மிஞ்சிய காணிகளைப் பங்கிடக் அரசாங்க அதிகாரி வந்து ஆட்களை விசாரிக்கும் காணிக் கச்சேரி வைக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. கேட்பவர்கள் தங்கள் நிலைமையை எழுதிக் கொண்டுபோக வேண்டும். அப்பா வயலில் இருந்த நேரம் அவர் என்னைத் தேடிக் குசினிக்கு வந்தார்.

"பிள்ளை, நானும் ஒரு துண்டு கேக்கப்போறன். சொல்லுறதைச் சொன்னபடி எழுதித் தாறீங்களே?"

எழுதினேன்.

"உங்கடை அம்மான்ரை கலியாணம் முடிய, என்னை வண்டிலிலை பித்தளைக் குடங்களுக்கு நடுவிலை இருத்தினவை. என்ரை அம்மா கேணியடி மட்டும் பின்னாலை வந்தா. பிறகு வேலைக்குக் கூப்பிட்டிட்டினம், திரும்பிப் போட்டா. அவ செத்தது எனக்கு எட்டாம் நாள்தான் தெரியும். வீட்டிலை உங்களுக்குக் காதுகுத்து. மா இடிக்க ஆள் வேணுமெண்டு சொல்லாமல் விட்டவை."

"அதையும் எழுதட்டோ?"

"ஓம், எழுதுங்கோ. எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை எண்டும் எழுதுங்கோ. அடிக்க வேண்டி வரேல்லை. எனக்குப் போக இடமில்லை எண்டு அவையளுக்குத் தெரியும்."

மூன்று தாள் வந்தது. இந்த நாட்டில் அடிமைமுறை நூறு வருடத்துக்கு முன்பே சட்டத்தால் ஒழிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்துப் புள்ளியும் வாங்கியவள் நான். அதைப் பாடமாக்கிய நாட்களில் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தவர் அவர்தான்.

பின்னேரம் அப்பா தாள்களைக் கண்டுவிட்டார். கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார். சத்தம் போடவில்லை.

"இதை நாலு பேர் பாத்தால் உனக்கு ஆர் மாப்பிளை தருவினம்? எங்கடை வீட்டிலை பிள்ளை மாதிரி வளந்தவள் எண்டு எழுது."

மூன்று தாளையும் அடுப்பில் வைத்தார். நான் புதுத் தாளில் அப்பா சொன்ன நாலு வரியை எழுதினேன்.

காலையில் அவர் கைநாட்டு வைக்க வந்தார்.

"மூண்டு தாளெல்லோ இருந்தது?"

"சின்னனாய் எழுதியிருக்கிறன்."

வாசிக்கச் சொன்னார். அந்த நாலு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு, எரிந்துபோனதை ஞாபகத்தில் இருந்து சொன்னேன். வண்டில், கேணியடி, காதுகுத்து எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

கச்சேரி பள்ளிக்கூடத்தில் நடந்தது. துணைக்கு நானும் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர். தாளை வாசித்துவிட்டு, "திட்டத்திலை காணி எடுத்த வீட்டிலை பிள்ளை மாதிரி இருக்கிறீங்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறை காணி குடுக்க ஏலாது, அம்மா" என்றார்.

இவருக்கு அது விளங்கவில்லை. வாய்க்கால் வரம்பால் திரும்பி வரும்போது கேட்டார்.

"அவர் எல்லாத்தையும் வாசிச்சவர்தானே?"

"ஓம்."

"வாசிச்சுப்போட்டும் குடும்பம் எண்டுதானே சொன்னவர்."

அந்த வரம்பில் வேறு ஒருவரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் தன்னைப் பற்றி ஒருவரிடமும் பேசி நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உங்களுக்கு என்ன முறை என்று அங்கே கேட்டார்கள். "வேலைக்காரி" என்றார் அப்பா.

போன மாதம் ஒரு செத்தவீட்டில் பழைய கதைகள் வந்தன. "அவளை நாங்கள் பிள்ளை மாதிரித்தானே வைச்சிருந்தம்" என்றான் என் தம்பி. சுற்றியிருந்த இளம் ஆட்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வேறுமாதிரிச் சொல்ல என்னைத் தவிர ஒருவரும் மிச்சம் இல்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.