பத்துக் கரணம்

எங்கள் அத்தையின் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். தங்கமான மனசு என்பார். வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே எழுந்து போயிருப்பான் என்பார். கம்பத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வருகிற ஆட்களிடம்கூட இந்தக் கதையைச் சொல்லியாகிவிட்டது. அந்தத் தங்க மனசு வெளிப்பட்ட நாளில் நானும் கூடத்தில் இருந்தேன். சொல்லப்போனால் அதை வெளிப்பட வைத்த புண்ணியவதியே நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். அதை யாரும் மறந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டிக்கொண்டிருந்தவளை விளையாட்டு டீச்சர் பார்த்து, மதுரைப் பக்கம் ஒரு விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டார். சாப்பாடும் படிப்பும் இலவசம் என்றதும் அப்பா கையெழுத்துப் போட்டார். அங்கே அவள் கற்றுக்கொண்டது டிராம்போலின். இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் வைத்து இழுத்துக் கட்டிய வலை அது. அதில் குதித்து எழும்பி, கூரையைத் தொடுகிற உயரத்துக்குப் போய், காற்றிலேயே கரணம் அடித்து, வலையின் நடுவில் போட்டிருக்கிற சிவப்புக் குறியிலேயே வந்து இறங்க வேண்டும். விடாமல் பத்துக் கரணம். பத்தாவது முடிந்ததும் இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். தள்ளாடினால் மார்க் போய்விடும்.

இதையெல்லாம் லீவுக்கு வரும்போது அத்தைதான் எனக்குச் சொன்னாள். எங்கள் ஊரில் அதற்குப் பேர் கிடையாது. வலையில் குதிக்கிறது என்பார்கள். அப்பா சர்க்கஸ் என்பார். கூரை உயரத்துக்குப் போகிறவள், எங்கள் தோட்டத்துக்கு வந்தால் பந்தல் கம்பி தலையில் இடிக்காமல் குனிந்து குனிந்து நடப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

மாநிலப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். அன்று அவள் அடித்த பத்துக் கரணத்தையும் விடுதித் தோழி ஒருத்தி போனில் எடுத்தாள். அத்தை அதை எனக்காக அம்மாவின் போனுக்கு அனுப்பிவைத்தாள். எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உடம்போடு ஒட்டிய நீல உடை, தொடைவரை வெறும் கால். கடைசிக் கரணம் முடிந்து அவள் அசையாமல் நிற்கும்போது தோழிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். மூன்று என்றதும் எல்லாரும் கைதட்டுவார்கள். வீட்டில் உட்கார்ந்து நானும் எண்ணுவேன், நானும் கைதட்டுவேன்.

அதற்குப் பிறகுதான் இந்தியாவுக்காக ஆடுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிற முகாமுக்கு அவள் பேர் வந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அதே வாரம் தேவதானப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. மாந்தோப்பு, ஒரே பையன். இரண்டில் எது பெரிது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்து, மாப்பிள்ளை வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கோச்சுக்குப் போன் போட்டு அழுதுகொண்டிருந்தபோது அப்பா போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார்.

“நாலு பேரு தொடையப் பாக்குறதுக்கா ஒன்ன இம்புட்டுத் தூரம் வளத்தேன்?” என்று கேட்டார்.

பதக்கங்களை அம்மா உரச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். வருகிறவர்கள் காதில் இந்த விஷயம் விழவே கூடாது என்று உத்தரவு. அதிகமாகக் குதிக்கிற பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று ஊரில் ஒரு ஞானம் உலவிக்கொண்டிருந்தது. படித்தவர்கள்தான் அதை அதிகம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே காதோடு சொன்னாள்: “நான் காபி குடுத்துட்டு உள்ள வந்துருவேன். நீ மாப்பிள்ளகிட்டப் போயி அந்த வீடியோவப் போட்டுக் காட்டு. சத்தத்தக் கூட்டி வையி. அவுக அம்மாவும் பாக்கணும்.”

அப்பா அடிப்பாரே என்றேன். ஓர் அடிதானே, தாங்கிக்கொள், ஜெயித்து வந்து உனக்கு என்ன வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்றாள்.

வீடியோவைப் பார்த்ததும் மாப்பிள்ளை அசந்துபோய், சந்தோஷமாகப் போய்விட்டு வா என்று அத்தையை முகாமுக்கு அனுப்பிவைப்பார் என்பது என் நினைப்பு. அத்தையின் நினைப்பு வேறு. அந்தக் காலைப் பார்த்த பிறகு இந்தப் பக்கத்தில் எந்த மாமியாரும் காபியைக் குடித்து முடிக்க மாட்டாள் என்று அவள் நம்பினாள். சம்பந்தம் முறியும், பேர் கெடும், வேறு யாரும் கேட்டு வர மாட்டார்கள், முகாமுக்குப் போய்விடலாம். பேர் கெட்டால் கெட்டுப்போகட்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி முடிவெடுப்பது சின்ன விஷயமில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை ஒன்பது வயதுப் பிள்ளையை நம்பி ஒப்படைத்திருந்தாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். தோட்டத்துப் பன்னீர் திராட்சையைத் தட்டு நிறைய வைத்தோம். பெண் விடுதியில் தங்கி பி.காம். படித்தவள் என்றார் அப்பா. விடுதி என்றதைக் கல்லூரி விடுதி என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள், அப்பா திருத்தவில்லை. அத்தை தலையைக் குனிந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்று வீடியோவைப் போட்டேன்.

ஸ்பிரிங் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. முதல் கரணத்திலேயே மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது கரணத்தில் அப்பா கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மாப்பிள்ளை அவரை இருக்கச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, பத்தும் முடியும்வரை பார்த்தார். கைதட்டல் ஓய்ந்தது. அடுக்களை வாசலில் அத்தையின் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

“இதுல என்னம்மா இருக்கு?” என்றார் மாப்பிள்ளை, தன் அம்மாவிடம். “படிக்கிற வயசுல ஆடியிருக்கு. நம்ம வீட்டுக்கு வந்தா குதிக்கப் போகுது?”

அவருடைய அம்மா சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்தவர் மாதிரி சற்று நேரம் யோசித்தார். “ஒடம்பு நல்லா உறுதியாத்தான் இருக்கு. பேறுகாலத்துல நம்மளச் சங்கடப்படுத்தாது” என்று சொல்லி, கீழே வைத்த டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை அடிக்க ஓங்கிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்து அவர்களைக் கும்பிட்டார்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். இதை இனி வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது, அழித்துவிடு பார்க்கலாம் என்றார். அழித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அம்மாவின் போனில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதைக் காட்ட வேண்டுமே.

“இப்பிடி அழிச்சாலும் குப்பைத்தொட்டியில கெடக்கும் மாமா. அங்கன இருந்து திரும்ப எடுத்துரலாம்” என்று சொல்லி, அதையும் திறந்து காட்டி, அங்கேயும் அழித்தேன். நான் மாமா என்று கூப்பிட்டதில் எல்லாருக்கும் சிரிப்பு. இது கலெக்டராகத்தான் வரும் என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அத்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாமியார் சொன்னபடியே யாரையும் சங்கடப்படுத்தாமல் பெற்றாள். மாமா அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நல்ல மனுஷர்தான், அதனால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீடியோ எடுத்த தோழியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அந்தப் போன் தொலைந்து பல வருஷம் ஆகிறதாம். அன்றைக்கு அத்தைக்கு என்ன வயதோ, அந்த வயது இப்போது எனக்கு.

அன்று அவர்களுடைய கார் கிளம்பியதும், தின்றதுபோக மிச்சமிருந்த பாதிச் சாக்லேட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, அப்பா அடிக்கக்கூட இல்லை என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அந்த வீடியோ இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல அத்த. மாமா அழிக்கச் சொன்னாக. குப்பைத்தொட்டியிலயும் அழிச்சுட்டேன்.”

அவள் பட்டுச்சேலையோடு, இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். எனக்கு அந்த நிற்பு தெரியும். பத்தாவது கரணத்துக்குப் பிறகு நிற்கிற நிற்பு. வீடியோ போனால் போகிறது, அத்தை எனக்கு நேரிலேயே காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினேன். பிறகு சாக்லேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைதட்டினேன்.