ஆறவிடுவதற்குச் சட்டி இல்லை

பாரிசில், லாச்சப்பலில் மரக்கறிக் கடை வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. கடைக்காரத் தம்பி முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ? சூசை அண்ணை மோசம் போயிட்டாராம். காலமை வேலைக்கு வெளிக்கிட்டவர், சப்பாத்துக் கட்டக் குனிஞ்சவர், எழும்பேல்லையாம்" என்றான். நான் எதையும் வாங்காமல் வெளியே வந்தேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் போய் அந்த முருங்கைக்காயை வாங்கினேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

மன்னார்ச் சூசைப்பிள்ளையை உங்களில் பலருக்கு முகமளவிலாவது தெரிந்திருக்கும். ஞாயிறு பூசைக்கு எப்போதும் பிந்தி வந்து, பின்தூணில் சாய்ந்து நிற்கும் நெட்டை மனிதர். கொண்டாட்ட வீடுகளில் பந்திக்கு உட்காருமுன் சமையலறைக்குள் புகுந்து சட்டிகளின் அடியைப் பார்த்துவிட்டு வருவார். அதனாலேயே சமைத்த பெண்கள் பலருக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. அது அவருடைய தொழில் பழக்கம். பாரிசுக்கு வந்த நாள் முதல் ஒரே கேக் கடையில் பாத்திரம் கழுவினார். பிளோஞ் என்று நாம் சொல்லும் அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன், இதைப் படிப்பவர்களில் பாதிப்பேரும் செய்திருப்பீர்கள். நாம் கழுவினோம். அவர் கழுவிக்கொண்டே படித்தார்.

அவர் நின்ற தொட்டிக்கும் கேக் செய்யும் அறைக்கும் நடுவே ஒரு சுவர். சுவரில் ஒரு சின்னத் துவாரம். அதன் வழியாக அழுக்குச் சட்டிகள் வரும், கழுவிய சட்டிகள் போகும். கேக் செய்கிறவர்களின் கைகளைத் தவிர வேறெதையும் அவர் கண்டதில்லை. ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்த காலத்தில், பாயில் சம்மாணம் கட்டிக்கொண்டு இதை விளக்குவார். "முதல் வாறது சொக்லேட்டும் பட்டரும் உருக்கின சட்டி. பிறகு மஞ்சள் கருவும் சீனியும் அடிச்சது. அதுக்குப் பிறகு வெள்ளைக் கருச் சட்டி, நுரை ஒட்டிக்கொண்டு வரும். மா அரிச்ச அரிதட்டு. வேகின தட்டு. கிறீம் சட்டி கடைசி. சட்டி வாற ஒழுங்குதானடா கேக்கு. அதுக்கு ஏன் புத்தகம்?" நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். பிரெஞ்சில் 'போன்ஜூர்' தாண்டாத ஒரு மனிதர், அந்தக் கடையின் மூன்றடுக்குச் சொக்லேட் கேக் தன் கைக்குள் இருப்பதாக உறுதியாக நம்பினார்.

அந்த நம்பிக்கையை நான்தான் சோதித்தேன். எண்பத்தைந்தில் என் மனைவி மகளோடு வந்து சேர்ந்தாள். நான் ஊரை விட்டபோது ஆறு மாதக் குழந்தையாக இருந்தவளுக்கு, வந்த கிழமையே ஐந்தாவது பிறந்தநாள். விமான நிலையத்தில் தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்றாள் மனைவி. "மாமா" என்றாள் பிள்ளை. ஊரில் தெரியாத ஆண்பிள்ளை யாரைக் கண்டாலும் மாமா என்றுதான் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். அதன்பின் நான் தூக்கினால் வீரிட்டு அழுதாள். சாப்பாடு தீத்தப் போனால் வாயை இறுக மூடினாள். நாலு வருடத்துக்கு மேலாகக் கடிதத்தில் முத்தம் அனுப்பியவனுக்கு இது பொறுக்கக்கூடியதாக இல்லை. பிறந்தநாளுக்குள் அவள் வாயால் அப்பா என்று கேட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பெரிய கேக் ஒன்று வைத்தால் வழிக்கு வருவாள் என்று நினைத்தேன். கேட்டவுடன் சூசை அண்ணை, "அது என்ரை பொறுப்பு" என்றார்.

எங்கள் கட்டிடத்தில் கேக் வேகவைக்கப் போறணை உள்ள ஒரே வீடு, கீழே குடியிருந்த பாண்டிச்சேரி மதாமுடையது. சனிக்கிழமை அங்கே வேலை நடந்தது. சட்டிகள் அவர் சொன்ன ஒழுங்கிலேயே அழுக்காகின. மூன்று தட்டுகளும் பொங்கி எழும்பி, வாசம் மாடிப்படி முழுக்க ஏறியது. நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. தட்டில் இருந்து எடுத்த கையோடு கிறீமைப் பூசி அடுக்கினார். ஐந்து நிமிடத்தில் கிறீம் உருகி மேசையில் ஓடியது. மேலடுக்கு மெல்லச் சறுக்கிச் சறுக்கித் தரையில் விழுந்தது. மதாம் எட்டிப் பார்த்தார். "என்னாங்க இது? ஆற வெச்சீங்களா இல்லியா?"

சூசை அண்ணை தலையில் கை வைத்தபடி நின்றார். "ஆறவிடுறதுக்குச் சட்டி இல்லையே, மதாம்! அது என்ரை தொட்டிக்கு எப்பிடி வரும்?" என்றார்.

மதாம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் பீற்றிக்கொண்ட ஆள் இப்படிக் கவிழ்த்துவிட்டாரே என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தரையைத் துடைத்தார். மறுநாள் பூசைக்குப் போகாமல் புதிதாகத் தொடங்கினார். அவர் பூசைக்குப் பிந்தியாவது போகாத ஞாயிறு அது ஒன்றுதான்.

வேகவைத்த மூன்று அடுக்குகளும் மதாமின் மேசையில் இருந்தன. விருந்தாளிகள் நாலு மணிக்கு. நான் ஜன்னலைத் திறந்தேன், கடதாசி மட்டையால் விசிறினேன். மகள் மேசையோரம் வந்து நின்றாள். இதுதான் சமயமென்று அவளைத் தூக்கினேன். அழுது காலால் உதைத்தாள். சூசை அண்ணை அவளை என்னிடமிருந்து வாங்கிக் கதிரையில் இருத்தினார். "உனக்கு என்னடா அவசரம்? அந்தப் பிள்ளையும் வந்து ஒரு கிழமை கூட ஆகேல்லை. கொஞ்சம் பொறு." பிறகு அவளுடைய புறங்கையைப் பிடித்துக் கேக்கின் பக்கத்தில் மெல்ல வைத்தார். "பிள்ளை, இனி இது உங்கடை வேலை. சுடுதோ எண்டு பாத்து இவருக்குச் சொல்ல வேணும். நீங்கள் சொல்லாமல் ஒருத்தரும் தொடக் கூடாது."

அன்று ஒன்றரை மணித்தியாலம் எனக்கும் என் மகளுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் "சுடுதோ?" என்பேன். அவள் புறங்கையை வைத்து, யோசித்து, "ஓம், சுடுது" என்பாள். இருபது தடவை கேட்டிருப்பேன். கடைசியில் அவளாகவே திரும்பி என் முகத்தைப் பார்த்து, "சுடேல்லை" என்றாள். என்னைப் பார்த்து அவள் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

கேக் சரியாமல் நின்றது. முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டினாள், இரண்டாவதைச் சூசை அண்ணைக்கு. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மாமாவுக்கு" என்றாள். சபையே சிரித்தது. நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். சூசை அண்ணை பக்கத்தில் வந்து இருந்தார். "மேலடுக்கு கொஞ்சம் இறுகிப் போச்சு என்ன?" என்று மட்டும் கேட்டார். முந்தைய நாள் நான் பேசிய பேச்சுக்கு அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அந்த வருடம் மாரிகாலத்தில் ஒருநாள் மெட்ரோவில் தாயும் மகளும் ஏறிவிட, நான் ஏறுமுன் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் "அப்பா!" என்று கத்தினாள். அடுத்த ரயிலில் அவர்களைப் பிடித்து வீட்டில் விட்டுவிட்டு, நேரே கேக் கடையின் பின்வாசலுக்குப் போனேன். சூசை அண்ணை முழங்கை வரை நுரையோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். "என்ன, ஆறிட்டுதோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

போன கிழமை லா கூர்னெவ்வில் அவரைக் கிடத்தியிருந்த இடத்துக்கு மகளையும் கூட்டிப்போனேன். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. நாம் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. பெட்டியருகே போய் நின்றாள். பிறகு கையை நீட்டி, அவர் பழக்கியபடியே புறங்கையை அவருடைய கைமேல் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சுடேல்லை, அப்பா."

அந்த இரண்டாவது சொல் சூசை அண்ணை எனக்குத் தந்தது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.