மாஸ்டரின் இடுப்பு எங்கே இருக்கிறது?

தையல் மாஸ்டரிடம் பேண்ட் தைத்துக்கொண்ட யாருக்கும் தொப்பை கிடையாது. டேப் நாற்பது காட்டினால் நாற்பதுக்கே வெட்டுவார், ஆனால் உள்பக்க லேபிளில் முப்பத்தாறு என்று போட்டுத் தைப்பார். "தொப்பை இருந்துட்டுப் போகட்டும், மனுஷன் மனசு நோகக் கூடாது" என்பது அவர் கட்சி. அதனால்தான் மற்ற கடைக்காரர்களெல்லாம் ஈ ஓட்டும் அந்தத் தெருவில் அவருக்கு மட்டும் கூட்டம்.

அவருடைய பேண்ட்டும் முப்பத்தாறுதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே அளவு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பட்டன் தைத்தபடி பக்கத்திலேயே இருக்கும் மனைவி நிமிர்ந்தே பார்க்க மாட்டாள்.

மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு வந்தாயிற்று. டாக்டரம்மா டோஸை ஏற்றிக்கொண்டே போனார், சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"உண்மையச் சொல்லுங்க மாஸ்டர், ஊசி போடுறீங்களா இல்லையா?"

மாஸ்டருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்றது. அதைவிட, பக்கத்தில் நின்ற மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றிலிருந்து ஊசி நேரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவள் தங்கை போனில், "மாமா மருந்த ஜன்னல் வழியா பீச்சிடப் போறாரு, பாத்துக்கோக்கா" என்று கொளுத்திப் போட்டாள். செய்யாத திருட்டுக்கு வீட்டுக்குள்ளேயே காவல். மாஸ்டர் சோறு தண்ணி இறங்காமல் குமைந்தார்.

அடுத்த முறை டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். "இடுப்பு முப்பத்தாறுன்னு இருக்கே, யார் அளந்தது?"

"சார்தான் சொன்னார்" என்றாள் நர்ஸ். "தையல்காரனுக்கே டேப்பான்னு கேட்டார்."

"மருந்து உள்ள போயும் உடம்பு அதுக்குக் காது கொடுக்கலையான்னு பாக்கணும். பெரிய டெஸ்ட் வேண்டாம். இடுப்பு, பிரஷர், ரத்தத்துல கொழுப்பு, குடும்பத்துல யாருக்குச் சர்க்கரைன்னு பாத்தாலே ஓரளவு தெரிஞ்சிடும். அளங்க."

நர்ஸ் தொப்புளை ஒட்டி டேப்பைச் சுற்றினாள். மாஸ்டர் பதறிப்போனார். "அது வயிறும்மா! பெல்ட் நிக்கிற இடம்தான் இடுப்பு!"

"எங்களுக்கு விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல சார். மூச்ச விடுங்க."

"விட்டாச்சே."

"இன்னும் விடுங்க."

விட்டார். நாற்பத்து நான்கு.

"உங்க டேப் சுருங்கிப்போச்சு" என்று கழுத்தில் தொங்கிய தன் டேப்பை உருவி அளந்தார். அதுவும் நாற்பத்து நான்கு என்றது. பிடிவாதமாகப் பெல்ட் நிற்கும் இடத்திலும் அளந்தார். நாற்பத்தொன்று.

டாக்டரம்மா அவர் பிடரியைப் பார்த்தார். "இந்தக் கறுப்பு எத்தன நாளா இருக்கு?"

"டேப் உரசினது டாக்டர்."

"இல்ல. உடம்பு இன்சுலினுக்குக் காது கொடுக்கலன்னா பிடரி இப்படிக் கறுக்கும். இதுவும் அதே கதையத்தான் சொல்லுது."

மாஸ்டர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க. வருஷா வருஷம் உங்க பேண்ட்டோட பின்தையலப் பிரிச்சு விட்டேன். துணி தீர்ந்ததும் ஒட்டு போட்டேன்."

"எனக்கேவா?"

"ஊர்ல எல்லார் மனசும் நோகாம பாத்துக்கிறீங்க. உங்க மனச யாரு பாக்குறது?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரஷர், கொழுப்பு என்று மற்ற கணக்கையும் பார்த்தார். "ஊசி ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க மாஸ்டர், உடம்புதான் கேக்கல. நான் கேட்டது தப்பு. இப்போதைக்கு டோஸ் ஏத்தல. ஒரு மாத்திரை சேக்குறேன். ஆனா தினம் நடக்கணும், சாப்பாட்டக் குறைக்கணும்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொப்பையைத் தட்டிக்கொடுத்தார். ஊசி போட்டதற்கு இத்தனை நாள் ஒளித்துவைத்த சாட்சி அது. காத்திருந்தவர்களிடம் வலியப் போய், "நாப்பத்தி நாலு!" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

வாசலில் மனைவி நின்றுவிட்டாள். "மன்னிச்சிடுங்க."

"ஒட்டுத் துணிக்கா?"

"அது எதுக்கு? ஊசி போடலைன்னு நானும் நெனச்சுட்டேனே, அதுக்கு."

மாஸ்டரின் சிரிப்பு நின்றுபோனது. ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"நடந்தே போவோம்."

"வீடு ரொம்ப தூரமாச்சே."

"என் மனசு ஆறுறதுக்கு அவ்வளவு தூரம் வேணும்" என்றார். ஆனாலும் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டுதான் நடந்தார்.