துபாயில் இருப்பதாகச் சொன்ன அண்ணன்

காலை பத்து நாற்பதுக்கு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கண்ணில் பட்டது, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு இறங்கிய என் தங்கை.

மாலைவரை அவள் மயிலாடியில், சித்தி வீட்டில் இருந்திருக்க வேண்டும். அன்று, 2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இருபது வயதுத் தங்கைக்கு ஆட்டிசம் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் அதற்குச் 'சுகமில்லாதவள்' என்று பெயர். அவளை மறைத்துவைக்க அம்மா தேர்ந்தெடுத்த இடம், விடிந்ததிலிருந்து கல்லில் உளி விழும் ஊர். சித்தியால் ஒரு காலைகூடச் சமாளிக்க முடியவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி எங்கேயும் விசாரிக்கவில்லை. எங்கள் ஊரான தோவாளையின் பூக்கடைகளில் கேட்டிருந்தால்கூட எல்லாம் தெரிந்திருக்கும். வாய் நீளம் இல்லாத குடும்பம் என்றார் அப்பா. பத்திரிகை வேலையில் நான் கற்றது வேறு: கேள்வி கேட்காதவர்கள், பதிலுக்குக் கேட்கப்படும் கேள்விக்குப் பயந்தவர்கள். மூத்த மகன் துபாயில் இருப்பதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு போட்டோகூடக் காட்டவில்லை.

தங்கை முன்னறைக்கு வந்து நின்றாள். காது வலி என்று சமாளித்தாள் அம்மா. ரசவடையைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை எழுந்தார். யாரையும் கேட்காமல் ஃபேனை நிறுத்தினார். தங்கை கைகளை இறக்கினாள்.

அது பழைய ஃபேன், ஓடும்போது கீச்சிடும். ஆட்கள் வந்து அதைப் போட்டால் அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள். ஆட்களைக் கண்டு ஒதுங்குகிறாள் என்றே நினைத்திருந்தோம்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் எங்க அண்ணனுக்கும் ஆகாது."

"துபாய்ல உள்ளவருக்கா?"

"வீட்லதான் இருக்கான்."

அப்பா மெதுவாக, என்ன சுகக்கேடு என்று கேட்டார்.

"சுகக்கேடு ஒண்ணும் இல்லை மாமா. நமக்குக் கேக்காததும் அவனுக்குக் கேக்கும். அவன் அப்படி, நாம இப்படி."

நன்றாகத்தான் சொன்னார். சம்பந்தம் கைவிட்டுப் போகும் நேரத்தில் யாரும் நன்றாகச் சொல்வார்கள்.

"பின்னே ஏன் கூட்டிட்டு வரல்லை?" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம், "பொண்ணு பேப்பர்ல வேலைன்னு சொன்னிய. போலீஸ்லயா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனும் வந்து உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றேன். ஏட்டி, சும்மா இரு என்றாள் அம்மா. அவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் போனும் வரவில்லை. சம்பந்தம் போயிற்று என்று அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு, அதே நேரத்துக்கு ஆட்டோ வந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் அவரைவிட உயரமான ஒருவர் இறங்கினார்.

அப்பா எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.