எடை குறைந்தது, கூடை கனத்தது

மற்றவர்களின் வயிற்றைப் பற்றி அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு மாடியில் இயங்கும் ஜிம்மில், பெண்களுக்கான பத்து மணி வகுப்பை நடத்துகிறேன். எடை குறைக்கப் புறப்பட்டுப் பாதி வழியில் போண்டாக் கடையில் நின்றுவிட்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், இந்தக் கதையில் வருபவர்கள் உங்களுக்கு அந்நியர்கள் அல்லர்.

ஓடுகிற மிஷின்

ஐப்பசி மாதம், காலை மணி பத்து ஐந்து. விடியும்வரை கொட்டிய மழை ஓய்ந்து தூறலாகியிருந்தது. கஸ்தூரி படியேறி வந்து, மூச்சு வாங்கக் கதவைப் பிடித்தபடி நின்றார். நாற்பத்தாறு வயது, இருபது வருடமாக உப்பளத்தில் தலைச்சுமை வேலை. பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து, வரப்பு வழியே நடந்து, குவியலின் உச்சிக்கு ஏறிக் கொட்ட வேண்டும். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த ஓய்வில் வருடாவருடம் வயிற்றில் சேர்ந்த கொழுப்பு, பிறகு இறங்கவே இல்லை. போன பருவத்தில் குவியலின் பாதியிலேயே நின்றுவிட்டார். தை கழிந்து வேலை தொடங்கும்போதும் ஏற முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

கொழுப்பைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான் என்றும், குறைகிற நேரத்தில் தசையும் சேர்ந்து கரைந்துவிடாமல் காப்பதற்கே பளு தூக்குகிறோம் என்றும் நிதானமாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா செமந்துனுதான் மேடம் இருக்கேன். அதுல கரையாத தொப்பையா இங்க வந்து கரையப் போவுது? எனக்கு அந்த ஓடுற மிஷினைப் போட்டு உடுங்க."

மும்தாஜின் கை

மும்தாஜ், பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மனைவி. கல்லாவில் உட்கார்ந்தே நாளைக் கழிப்பவர். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். இருப்பதிலேயே சிறிய டம்பெல்லைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்றார். கை ஆம்பிளைக் கைபோல ஆகிவிடுமாம்.

அது அத்தனை சுலபத்தில் நடக்கிற காரியமில்லை என்று சொல்லி, பத்து வருடமாகப் பளு தூக்கிவரும் ஜிம் உரிமையாளர் சேகரை அத்தாட்சியாகக் காட்டினேன். மும்தாஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பத்து வருஷம் தூக்கியும் இவருக்கே இவ்ளோதானா? அப்ப எனக்குப் பெருசாவே குடுங்க மேடம்."

மூட்டைத் தராசு

கஸ்தூரி ஐந்து நாள் வந்தார். பிறகு நான்கு வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று முகத்தில் அத்தனை பெருமை. ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, பகலில் அரை தோசையும் ரசமுமாக இருந்து, தினமும் கடற்கரை வரை நடந்திருக்கிறார். உப்புக் கிடங்கில் மூட்டை எடைபோடும் தராசில் ஏறிப் பார்த்தாராம். ஏழு கிலோ குறைவு. கன்னம் ஒட்டியிருந்தது. இடுப்பை நாடாவால் அளந்தேன். எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

ஒரு கூடை உப்பின் கனத்துக்கு மணல் மூட்டை ஒன்றைத் தயார் செய்து, நானும் மும்தாஜும் அவர் தலையில் ஏற்றினோம். நான்கு படி ஏறினார். ஐந்தாவது படியில் கால் நடுங்கிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடாத சோர்வு பாதி, கரைந்த தசை பாதி. மூட்டையை இறக்கியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொறைஞ்சது நான்தான் மேடம். கூடை கொறையலியே."

தூக்கிவிட ஆளில்லை

மறுநாளிலிருந்து கஸ்தூரிக்கு வேளைக்குச் சோறு ஒரு கரண்டி. கூடவே முட்டை, மீன், சுண்டல். தரையில் கிடக்கும் இரும்பு ராடை நிமிர்ந்து தூக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். கஸ்தூரி ராடுக்குப் பக்கத்தில் போய், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகுதான் விளங்கியது. உப்பளத்தில் கூடையை இரண்டு பேர் தூக்கித் தலையில் வைப்பார்கள். சுமப்பவர் நின்றால் போதும். இருபது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கூடை சுமந்தவர், ஒன்றைக்கூடத் தரையிலிருந்து தானாக எடுத்ததில்லை.

மும்தாஜ் தூக்கிக் காட்டினார். "கல்லாவுல குந்தினு இருக்கிறவங்க தூக்குறாங்க, நான் மரமாட்டம் நிக்கிறேன்" என்று கஸ்தூரி பாய்ந்து பிடித்தார். ராடு அசையவில்லை. மறுபடியும் அவசரமாகக் குனிந்தார். மும்தாஜ் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்: "அக்கா, இது உப்பு இல்ல, மழையில கரைஞ்சு போவாது. நாளைக்கும் இங்கதான் கெடக்கும். முதுகை நேராக்கி, பொறுமையா தூக்குங்க."

குவியல்

மாசியில் உப்பு வாரத் தொடங்கினார்கள். முந்தைய நாள் எடை பார்த்தபோது, முதன்முதலில் வந்த நாளைவிட இரண்டே கிலோ குறைவு. ஆனால் இடுப்பில் நான்கு விரற்கடை குறைவு; கரைந்த தசை திரும்பி, கொழுப்பு இறங்கியிருந்தது. கஸ்தூரிக்கு இரண்டு மட்டும்தான் காதில் விழுந்தது. முகம் செத்துவிட்டது.

முதல் நாள் காலை ஆறரைக்கு நான் உப்பள வரப்பில் போய் நின்றேன். குவியலடியில் மேஸ்திரி நின்றிருந்தார். முதல் கூடை உச்சிக்குப் போயிற்று. ஏழாவது கூடையில் கஸ்தூரி பாதியில் நின்றார். கூடைக்கடியில் சும்மாட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டு, மேலே ஏறிக் கொட்டினார். பத்தாவதையும் கொட்டிவிட்டு இறங்கியபோது, வேறு ஆளைப் போடும் பேச்சை மேஸ்திரி கைவிட்டிருந்தார். எடை விசாரணைதான் நடந்தது.

"ஏம்மா, எத்தினி கிலோ கொறைச்ச?"

"ரெண்டு."

"ரெண்டு கிலோவுக்கா இத்தினி மாசம் ஜிம்முக்குப் போன?"

காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கஸ்தூரி சொன்னார்: "கொறைஞ்சதைக் கேக்குற, கொட்டினதைக் கேளேன் மேஸ்திரி. அடுத்த கூடையைத் தூக்கி உடு."

மறுநாள் காலை கஸ்தூரி தொடை வலியோடு உப்பளத்துக்கே போனார். மேஸ்திரி அவர் பெயரைச் சுமைக்காரர் வரிசையில் கூப்பிட்டார். மும்தாஜ் பத்து மணிக்கு வந்து ராடில் இன்னொரு பிளேட்டை மாட்டினார். சேகர் கண்ணாடி முன் நின்று தன் கையை அளந்துகொண்டிருந்தார். நான் புதிதாகச் சேர வந்த இரண்டு பெண்களிடம் இங்கே எத்தனை கிலோ குறையும் என்பதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நான்கு மாதத்தில் இரண்டே கிலோ குறைத்ததுதான் என் ஆகச்சிறந்த சாதனை என்பதை, வாசல் பலகையில் எழுதிவைக்க முடியாததே இந்தத் தொழிலின் சங்கடம்.