மூன்று பேரில் இரண்டு பேர்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் எடுத்தவள் நான். தலைகளை எண்ணுவது மட்டும் மக்களாட்சி இல்லை, எண்ணிக்கையில் குறைந்தவர்களையும் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும் என்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். காரைக்கால் கோவில்பத்தில், என் சொந்த வீட்டில், அந்தப் பாடம் எடுபடவில்லை.

கணவருக்கு அவர் அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. பையனுக்கும் அப்படியே. காரைக்காலில் இதற்காகவே மாப்பிள்ளை தேடுகிறவர்கள் உண்டு. நானோ கல்யாணமான பிறகும் அதற்கு எழுதிப்போடவில்லை. கணவர் ஓய்வு பெற்றதும், பாரிசுக்குக் குடிபோவதென்று அவரும் பையனும் சோறு தின்றுகொண்டே முடிவு செய்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர், தீர்மானம் நிறைவேறியது. என் முன்னால் வைத்த பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. "பின்னால வந்துருவா" என்று கிளம்பிப் போனார்கள்.

தனிமை பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை. ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்றும் கை வராமல், மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.

போன தேர்தலுக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் வந்தது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தவர், நான் காரைக்கால்மேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் பூட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மா, "அவங்க பிரெஞ்சுக் குடும்பங்க, எல்லாரும் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டாராம். தினமும் வாசலில் கோலம் போடுகிறவள் யார் என்று நினைத்தாரோ! பெயரை நீக்குவதில் ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்றது நோட்டீஸ்.

தேர்தல் ஆபீசுக்குப் போய் என் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதிகாரி அதைப் பார்த்ததுமே என்னை அனுப்பிவைத்திருக்கலாம். "உங்க பக்கத்தச் சொல்லுங்கம்மா, கேட்டு எழுதிக்கணும்" என்றார்.

தேவைக்கு மேலேயே சொன்னேன். நடுவில் அழுதும்விட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டார். வாசித்துக் காட்டியபோது இரண்டே வரி: இந்தியக் குடிமகள், இவ்வூரில் வசிக்கிறார். பெயர் பட்டியலிலேயே இருக்கும் என்றார்.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ஆபீசர்கிட்ட அப்புடி என்னதான் சொன்னே?"

"இந்த ஊர விட்டு வரமாட்டேன்னு சொன்னேன்."

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"அவரு கேட்டாருங்க" என்றேன்.