துவைத்துக் கொடுத்த சாட்சி

கூட்டாய்வு என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோடு யார் கூட்டு என்று கேட்கத் தோன்றும். எண்பதுகளில் ஈஜோக் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியாக இருந்தேன். அப்போது அப்படி ஒரு கூட்டில் நானும் சேர்ந்தேன். அதனால்தான் இந்த எரிச்சலில் பாதி என்மேலேயே.

அந்த வருடம் களைக்கொல்லி அடிக்கப் புதிதாகப் பேட்டரி பம்பு வந்தது. பழைய பம்பு முதுகை ஒடிக்கும். இது கைக்கு அடக்கமான குழாய், நுனியில் சுழலும் தட்டு. தண்ணீர் சுமக்க வேண்டாம், மருந்தைக் கெட்டியாக ஊற்றினால் போதும் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் பெருமையடித்தார். அந்தக் கெட்டி மருந்தை யார் மூச்சில் இழுக்கப் போகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. என் அக்கா மருந்தடிக்கும் பெண்களில் ஒருத்தி. சில மாதங்களிலேயே அவள் விரல் நகங்கள் கறுத்து, இரண்டு கழன்று விழுந்தன. காலையில் முகம் கழுவும்போது மூக்கில் ரத்தம் வந்தது. உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று தோட்ட மேலாளரான துரையிடம் போய் நின்றாள்.

ஆராய்ச்சிக்கு ஆள் வருகிறார்கள், பம்பு கெடுதல் என்று அவர்கள் சொல்லட்டும், எல்லாரையும் மாற்றிவிடுகிறேன் என்றார் துரை. அக்கா அந்த வார்த்தையை நம்பி, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல்கலைக்கழக விரிவுரையாளர், மற்றவர் பம்பு விற்கும் கம்பெனியின் ஆள். தோட்டத்து மண்டபத்தில் பெண்களை உட்கார வைத்தார்கள். புதிய கருவியைப் பொறுப்போடு பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் இது, நீங்களும் இந்த ஆய்வில் எங்கள் கூட்டாளிகள் என்று விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

அக்கா எழுந்தாள். “இதுக்கெல்லாம் காசு யாரு போடறா?”

கம்பெனி பாதி, அரசாங்கம் பாதி என்றார் அவர்.

“பம்பு விக்கிறவங்க காசுல பம்பு நல்லதா கெட்டதான்னு பாத்தா, என்னா லா வரும்?”

இந்தப் பெண்மணி ஆய்வின் நடுநிலை பற்றி அறிய விரும்புகிறார் என்று நான் அதற்கு இஸ்திரி போட்டு ஆங்கிலத்தில் கொடுத்தேன். அவரும் நடுநிலை பற்றி நீளமாகப் பேசினார். கம்பெனிக்காரர் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் ஒவ்வொருத்தியின் சட்டையிலும் தோள், மார்பு, மணிக்கட்டு என்று வெள்ளைத் துணித்துண்டுகளை ஊக்கு குத்தி மாட்டினார்கள். நாள் முழுவதும் மருந்தடித்த பிறகு அவற்றில் எவ்வளவு மருந்து படிந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்களாம். வேலை முடிகிறவரை அவர்கள் அங்கேயே நின்று, துண்டுகளைத் தங்கள் கையால் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் அன்று சாயங்காலம் கம்போங் குவாந்தான் ஆற்றில் மின்மினி பார்க்கக் கம்பெனி படகு ஏற்பாடு செய்திருந்தது. மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். நாளைக் காலையில் வாங்கிக்கொள்கிறோம், பத்திரமாகக் கொண்டுவரச் சொல் என்றார் விரிவுரையாளர். பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று நானும் சொன்னேன்.

இரவல் வாங்கிய சேலையையோ தூக்குச்சட்டியையோ அழுக்கோடு திருப்பிக் கொடுக்கும் பெண் எங்கள் லயத்து வீடுகளில் கிடையாது. அது மானப் பிரச்சினை. மறுநாள் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்குத் துண்டுகள் வந்து சேர்ந்தன. எல்லாம் பளிச்சென்று இருந்தன. சிலர் நீலம் போட்டிருந்தார்கள். அக்கா இஸ்திரியே போட்டிருந்தாள்.

விரிவுரையாளர் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தார். முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

“துவைத்துவிட்டார்கள் சார். இன்னொரு நாள் திரும்பச் செய்யலாம்,” என்றேன்.

“நிதி இந்த மாதத்தோடு முடிகிறது. அறிக்கை போகாவிட்டால் அடுத்தது கிடைக்காது. அடிக்குறிப்பில் எழுதிவிடுகிறேன்.”

சொல்லிக்கொண்டே துண்டுகளைத் தனித்தனி உறையில் போட்டு, ஒவ்வோர் உறைமேலும் அழகான கையெழுத்தில் தேதி எழுதினார். அந்த ஒழுங்கைப் பார்த்தபோது அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. உறைகளை ஒட்டிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து வழவழப்பான அட்டையோடு அறிக்கை வந்தது. துணிகளில் கவலைப்படும்படி மருந்து எதுவும் படியவில்லை, கருவி பாதுகாப்பானது என்று இருந்தது. அடிக்குறிப்பைத் தேடி எல்லாப் பக்கங்களையும் திரும்பத் திரும்பப் புரட்டினேன். இல்லை. நன்றிப் பக்கத்தில் மட்டும் ஒத்துழைத்த தொழிலாளர்களும் மொழிபெயர்த்த அலுவலக ஊழியரும் இருந்தோம்.

துரை அதைப் பிரட்டில் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, தமிழில் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். துணியைத் துவைத்துதான் கொடுத்தார்கள் என்று அங்கே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். ஆபீஸ் நாற்காலியும் அதற்கு மேலே சுற்றும் மின்விசிறியும் நினைவுக்கு வந்தன. பம்பு பாதுகாப்பானது என்று நல்ல தமிழில், பிசகில்லாமல் சொன்னேன். அக்கா கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் கலைந்தபோது என்னிடம் வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அந்தத் துணியத் தொவைக்கிறப்ப வெரலெல்லாம் நெருப்பா எரிஞ்சிச்சு. நகம் போன எடத்துல அந்தத் தண்ணி பட்டு உசுரே போச்சு. அப்பக்கூடத் தோணல பாரு, மருந்து அதுலதான இருக்குன்னு. வந்தவங்க துணியாச்சேன்னு ரெண்டு தரம் சோப்பு போட்டேன். நாந்தான் கெடுத்துட்டேனா?”

“இல்லக்கா,” என்றேன்.

லோரியிலிருந்து மண்டோர் அதட்டினார். அவள் போய்த் தன் பம்பை எடுத்துக்கொண்டு ஏறினாள்.